எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவது? ஒரு மாணவி கேட்ட கேள்வியும் நம் ஊரின் பதிலும்



கொஞ்சம் நீண்ட பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

போன தவணையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளை நேரம் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். கையில் ஒரு புத்தகமும் மடித்த சான்றிதழ் ஒன்றும். வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியிருக்கிறாள். ஓர் ஆண்டுக்கு அங்கத்துவச் சந்தா. அனுப்பும் ஆக்கம் கட்டாயம் பிரசுரமாகும், சான்றிதழ் உண்டு, பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் உண்டு. முச்சக்கர வண்டி ஓட்டும் வாப்பா அன்றைய உழைப்பை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

எட்டு மாதம் கழித்து வந்த புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் ஆக்கங்கள். இவளுடைய கதை ஒரு பக்கத்தில் தொடங்கி அதே பக்கத்தின் அடியில் பாதி வசனத்தில் நின்றிருந்தது. மீதி இல்லை. பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை.

அவள் கேட்டது இதுதான்: "டீச்சர், அடுத்த வருஷத்துக்கும் இதுக்கே கட்டவா, இல்லாட்டி வேற ஏதாச்சும் நல்லது ஈக்கா? வாப்பாக்கிட்ட இன்னொருக்கா சல்லி கேக்க ஏலா. ஒண்டு சொன்னா அதையே கட்டுறேன்."

அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேரும் ஏதோ ஒரு காலத்தில் எழுதியவர்கள். ஆசிரியர் கலாசாலையில் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியவர்கள். ஞாயிறு பத்திரிகையில் கவிதை வந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்தவர்கள். ஆனால் அன்று எங்களில் ஒருவர் பெயரிலும் எந்தச் சஞ்சிகைக்கும் சந்தா இருக்கவில்லை. அவளுக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தப் பதிவு.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டோம். இனி ஊரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

நம் பகுதியில் எழுதுபவர்களுக்குக் குறைவில்லை. மாத்தளை நகரில், உக்குவளையில், வரக்காமுறையில், கலேவெலயில், எங்கே போனாலும் ஒரு கவிஞர் இருக்கிறார். நூல் வெளியீடுகளும் நடக்கின்றன. மண்டபம், பதாகை, பொன்னாடை, பிரமுகர் வரிசை எல்லாம் உண்டு. முதற்பிரதியை ஒரு முதலாளி கவரோடு வந்து வாங்குவார். சிறப்புப் பிரதி வாங்க இன்னும் பத்துப் பேரை மேடைக்கு அழைப்பார்கள். படம் எடுப்பார்கள், படம் பேஸ்புக்கில் வரும். புத்தகம் அலுமாரிக்குப் போகும். இதில் தப்பில்லை, அந்தக் கவரில்தான் அச்சகக் கடன் அடைகிறது. ஆனால் அந்த மேடையில் நின்ற அத்தனை பேரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "கடைசியாக எந்த இலக்கியச் சஞ்சிகையைக் காசு கொடுத்து வாங்கினீர்கள்?"

எங்களுக்குக் கிடைத்த பதில்களைச் சொல்கிறோம். "ஆசிரியர் எனக்கு இலவசமாக அனுப்புவார்." "பீடிஎஃப் வரும், அதில் பார்ப்பேன்." "என்னுடையது வந்தால் வாங்குவேன்." இந்த மூன்றாவது பதில்தான் நோயின் பெயர். நாம் சஞ்சிகையைக் கண்ணாடியாகப் பார்க்கிறோம். அதில் நம் முகம் தெரிந்தால் மட்டும் கையில் எடுக்கிறோம்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் பணம் வாங்கியவர்கள் இந்த நோயை நன்றாக அறிந்தவர்கள். வாசிப்பவன் காசு தரமாட்டான், பெயர் வரவேண்டும் என்பவன் தருவான் என்று கண்டுபிடித்து, அதை ஒரு வியாபாரமாக்கிவிட்டார்கள். நாம் வாசகர்களாக இருந்திருந்தால் அந்த வியாபாரத்துக்கு இந்த ஊரில் இடமிருந்திருக்காது. ஆகவே அவர்களை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்ப முடியாது.

நாம் எங்கே இருந்துகொண்டு இப்படி நடக்கிறோம் என்பதையும் யோசியுங்கள். மாத்தளையிலிருந்து தம்புள்ள பக்கம் பஸ்ஸில் போனால் கொஞ்சத் தூரத்திலேயே அளுவிஹாரை வரும். வாய்வழியாக வந்த திரிபிடகத்தைக் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் ஓலைகளில் எழுதி வைத்தது அங்கேதான் என்பது வரலாறு. பஞ்சமும் போரும் வந்து மனனம் செய்தவர்கள் இல்லாமற் போனால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் எழுதினார்கள். அவர்களின் மார்க்கம் வேறு, நம்முடையது வேறு. ஆனால் எழுதி வைக்காதது அழியும் என்ற பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். எழுதியதைப் பேணக் கை வேண்டும் என்பதும் அதே இடத்தின் பாடம்தான். அங்கே இருந்த ஓலைச் சுவடிகள் 1848 கிளர்ச்சியின் போது அழிந்தன.

நம் சமூகத்தின் கதையும் பக்கத்தில்தான் தொடங்குகிறது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அவர் தொழிலால் சட்டத்தரணி. பிள்ளைகள் படிக்க வேண்டும், பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று சொல்ல வந்தவர். சொல்வதற்கு ஒரு பத்திரிகை தேவை என்று முதலில் அதை உண்டாக்கினார். 'அசன்பே சரித்திரம்' வந்தது 1885இல், பத்திரிகை தொடங்கி மூன்று வருடம் கழித்து. முதலில் வாசகர், பிறகு நூல். நாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டோம். வாசகர் இல்லாமலே நூல் போடுகிறோம்.

பிறகு மல்லிகை. யாழ்ப்பாணத்தில் சவரக் கடை வைத்திருந்த, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் தொடங்கிய சஞ்சிகை அது. பிற்காலத்தில் கொழும்புக்கு இடம்பெயர்ந்து, 2012 வரை 400 இதழ்களைத் தொட்டது. அது எப்படி அவ்வளவு காலம் நின்றது? ஜீவாவே இதழ்களைத் தோளில் சுமந்துகொண்டு போய், ஆட்களின் கையில் கொடுத்து, காசு வாங்கிக்கொண்டு வந்தார். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் காசு கொடுக்காமல் வாங்கியவர்கள்தான்.

அந்தச் சஞ்சிகையால் யாருக்கு நன்மை? யாழ்ப்பாணத்தாருக்கு மட்டுமா? தெற்கே சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் இருக்கும் திக்குவல்லையிலிருந்து கமால் அதில் எழுதி வளர்ந்தார். தாய்மொழி தமிழே இல்லாத மேமன் சமூகத்தில் பிறந்தவர் 'மேமன்கவி' ஆனதும் அந்தப் பந்தலில்தான். சிங்களக் கதைகள் தமிழுக்கு வந்தன. அட்டையில் நடிகையின் படம் போடாமல் எழுத்தாளரின், கலைஞரின் படத்தைப் போட்டார்கள். எங்கோ ஒரு வடபகுதி வாசகர் கட்டிய சந்தாவில் ஒரு தென்பகுதி முஸ்லிம் இளைஞரின் கதை அச்சானது. சந்தா என்பது இப்படித்தான் வேலை செய்யும். நாம் கட்டும் காசு நமக்கே திரும்பி வராது. யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்குப் போகும்.

நம் மாத்தளையும் சும்மா இருக்கவில்லை. மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் மூவரும் சேர்ந்து 'தோட்டக்காட்டினிலே' என்று ஒரு சிறுகதைத் தொகுதி போட்டார்கள். கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான பண்ணாமத்துக் கவிராயர் இந்த மண்ணிலிருந்துதான் எழுதினார். இவர்களின் தலைமுறையில் எழுதியவர்கள் சஞ்சிகைக்கு அனுப்பி, திரும்பி வந்து, மறுபடி எழுதி, மறுபடி அனுப்பிப் பழகியவர்கள். மலையகத்திலிருந்து 'தீர்த்தக்கரை', 'கொழுந்து', 'நந்தலாலா' என்று சஞ்சிகைகள் வந்தன. ஒவ்வொன்றும் நின்றதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். ஆனால் சந்தாக் காசு ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் நின்றுபோன சஞ்சிகை என்று ஒன்றை யாராவது காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். எதற்குக் கட்டுவது?

அவளுக்குப் பதில் சொல்ல நாங்கள் இரண்டு கிழமை எடுத்தோம். பழைய இதழ்களைத் தேடினோம், நண்பர்களிடம் கேட்டோம், எங்களுக்குள்ளே சண்டையும் பிடித்தோம். வந்து சேர்ந்த முடிவு ஒரு வரிதான்: உன் பெயர் வரக்கூடிய சஞ்சிகைக்குக் கட்டாதே. நீ எழுத நினைப்பதை உன்னைவிட நன்றாக எழுதுபவர்கள் வரும் சஞ்சிகைக்குக் கட்டு.

இதைக் கேட்டு ஒரு நண்பர் சிரித்தார். "எழுதுறவனுக்குத் தேவை பிரசுரம்தானே, வாசிப்பு இல்லையே" என்றார். அங்கேதான் அவரும் நாமும் பிழைக்கிறோம். பிரசுரத்துக்குச் சந்தா தேவையே இல்லை. ஒழுங்கான எந்தச் சஞ்சிகையும் ஆக்கம் நன்றாக இருந்தால் சந்தாதாரரா என்று கேட்காமல் போடும். சந்தா கட்டினால்தான் போடுவோம் என்று சொன்னால் அது சஞ்சிகை இல்லை, விளம்பரப் பலகை. பலகையில் இடம் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அதை எழுத்து என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

சந்தா கட்டுமுன் பார்க்க வேண்டியவை என்று நாங்கள் எழுதி வைத்ததை இங்கே தருகிறோம்.

1. மூன்று இதழ்களைக் கடன் வாங்கி வாசியுங்கள். ஒன்று புதியது, ஒன்று போன வருடத்தது, ஒன்று இன்னும் பழையது. மூன்றிலும் அதே பத்துப் பேர் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தால் அது ஒரு குடும்பத்தின் சஞ்சிகை. அந்தக் குடும்பத்துக்கு நம் ஸலாம். காசு வேண்டாம்.

2. வாசகர் கடிதப் பக்கத்தைப் பாருங்கள். எல்லாக் கடிதமும் "இதழ் மிக அருமை" என்று இருந்தால் கவனம். போன இதழில் வந்த கதையோடு யாராவது சண்டை பிடித்திருக்கிறார்களா, ஆசிரியர் அதைப் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் அந்த ஆசிரியரை நம்பலாம்.

3. ஆக்கத்தைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரா என்று விசாரியுங்கள். எழுதுபவனுக்கு ஒரு சஞ்சிகை செய்யும் பெரிய உபகாரம் மறுப்பதுதான். அந்தப் பிள்ளையின் கதையை நாங்கள் முழுதாக வாங்கி வாசித்தோம். மிளகுக் கொடி நட்டு, பறித்து, காயவைத்து, அதைக் கொண்டே பிள்ளைகளைக் கரைசேர்த்த அவளுடைய உம்மம்மாவைப் பற்றிய கதை. முற்றத்துப் பாயில் மிளகு காயும் வாசம் வரை வந்திருந்தது. கடைசிப் பந்தி மட்டும் மேடைப் பேச்சு: "ஆகவே பெண்கள் சமூகத்தின் கண்கள்." ஓர் ஆசிரியர் அந்தப் பந்தியை வெட்டிவிட்டு, மீதியைத் தொடாமல் போட்டிருப்பார். இவர்கள் கதையின் பாதியை வெட்டிவிட்டுப் பட்டம் கொடுத்தார்கள்.

4. நீங்கள் எழுதுவது எது என்பதை முதலில் உங்களுக்கே சொல்லுங்கள். கதை எழுதுபவருக்குப் பக்கம் கொடுக்கும் சஞ்சிகை வேண்டும். நாலாயிரம் சொல் கதையை முழுதாகப் போடும் இடத்தில்தான் கதை எப்படி விரிகிறது என்று படிக்கலாம். கவிதை எழுதுபவருக்கு, எதுகை மோனையில் புகழ் பாடாத கவிதைகளும் வரும் சஞ்சிகை வேண்டும். கட்டுரை எழுதுபவருக்கு எதிர்க்கருத்தையும் போடும் சஞ்சிகை. சிறுவருக்கு எழுதுபவர் சிறுவர் சஞ்சிகையைப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்க வேண்டும். பிள்ளை எந்தப் பக்கத்தில் எழுந்து ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மொழிபெயர்க்க ஆசைப்படுபவர் ஒரு சிங்களச் சஞ்சிகையையும் கூடவே எடுத்தால்தான் சரி. பக்கத்து வீட்டு மொழியில் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் இந்த மாவட்டத்தில் எழுதுவது அரைக் கண்ணோடு நடப்பது.

5. இதழ் ஒழுங்காக வருகிறதா? எத்தனை மாதத்துக்கு ஒன்று? இன்றைய நிலைமை என்ன? கட்டுமுன் நேரே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இந்தியச் சஞ்சிகையா, நம் நாட்டுச் சஞ்சிகையா என்பதில்தான் நாங்கள் நான்கு பேரும் அடிபட்டது. ஒருவர் காலச்சுவடு, உயிர்மை போன்றவை இல்லாமல் இன்றைய தமிழ் எழுத்தைத் தெரிந்துகொள்ள முடியாது என்றார். இன்னொருவர், "நம் பிள்ளை ஏன் நாகர்கோவிலுக்குக் காசு அனுப்ப வேண்டும்" என்று கேட்டார்.

இரண்டு பக்கத்துக்கும் சரித்திரத்தில் நியாயம் உண்டு. 1970களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்கே சொந்தச் சஞ்சிகைகளுக்கும் சொந்த எழுத்துக்கும் இடம் கிடைத்தது. அதற்கு முன் கடையில் தொங்கியது முழுவதும் அக்கரைச் சரக்கு. மறுபக்கம் பாருங்கள். சி.சு. செல்லப்பா சென்னையில் 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து' மிகச் சிறிய சஞ்சிகை. ஆனால் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு இருபது வயதளவில் எழுதத் தொடங்கியது அதில்தான். பிற்காலத்தில் பிரமிள் என்று தமிழ் உலகம் அறிந்தது அவரைத்தான். அந்தச் சின்ன இதழ் கடல் தாண்டி அவர் கைக்கு வராமல் இருந்திருந்தால்?

ஆகவே எங்கள் தீர்ப்பு: முதல் சந்தா நம் நாட்டுச் சஞ்சிகைக்கு. கண்டியிலிருந்து 2000 ஜூனில் தி. ஞானசேகரன் தொடங்கிய 'ஞானம்', 2007இல் வடமராட்சி அல்வாயிலிருந்து க. பரணீதரன் தொடங்கிய 'ஜீவநதி' என்று நம் நாட்டிலும் பெயர் சொல்ல இருக்கிறது. நம் மிளகுத் தோட்டத்தையும் நம் பேச்சையும் அடிக்குறிப்பு இல்லாமல் புரிந்துகொள்ளும் ஆசிரியர் இங்கேதான் இருப்பார். இரண்டாவது சந்தா, இயலுமானால், கடலுக்கு அப்பால். அதைத் தனியாகக் கட்ட வேண்டாம், கூட்டாகக் கட்டுங்கள். முதலாவது நாம் யாரென்று காட்டும். இரண்டாவது நாம் எவ்வளவு சின்னவர்கள் என்று காட்டும். எழுதுபவனுக்கு இரண்டும் தேவை.

நம் சமூகச் சஞ்சிகைகளையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மார்க்கம், சமூகச் செய்தி, அரசியல் எல்லாவற்றுக்கும் அவை வேண்டும். ஆனால் கதை எழுதப் பழகும் பிள்ளையை அவற்றோடு மட்டும் விட்டால், எல்லாக் கதையும் கடைசியில் பயான் ஆகிவிடும். பயானுக்கு மிம்பர் இருக்கிறது. கதைக்கு வேறு வேலை இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் எம். பௌஸர் 'மூன்றாவது மனிதன்' நடத்தியதும், அஷ்ரஃப் சிஹாப்தீன் கவிதைக்கென்றே 'யாத்ரா' கொண்டு வந்ததும் இதைத் தெரிந்துதான். நம்மவர்கள் நடத்திய, எல்லோரும் எழுதிய சஞ்சிகைகள் அவை. அப்படி ஒன்று மறுபடி வரவேண்டும் என்று மேடையில் பேசும் நாம், வந்தால் கட்டுவோமா?

இனி, நீங்கள் சொல்லப்போகும் பதில்களுக்கு வருகிறோம்.

"காசு இல்லை." உண்மை. 2022ஐ யாரும் மறக்கவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன வருடம் அது. அந்த மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. 'த ஐலன்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமைப் பதிப்பு அச்சில் நின்றது. பெரிய கம்பனிப் பத்திரிகைக்கே அந்தக் கதி என்றால், ஓர் ஆள் வீட்டில் இருந்து நடத்தும் சஞ்சிகைக்கு? காசு இல்லாதவர்களை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் மாதாமாதம் போனுக்கு டேட்டா போடுகிறோம். கல்யாண அழைப்பிதழுக்குத் தடித்த அட்டை தேடுகிறோம். நூல் வெளியீட்டுக்கு மண்டபம் எடுக்கிறோம். காசு இல்லாத இடம் சஞ்சிகை மட்டும்தானா?

"எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே." கிடைக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் மல்லிகை, ஞானம் உட்பட ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். மேலே சொன்ன 'மூன்று இதழ் வாசித்துப் பார்' என்ற வேலையை அங்கேயே செய்யலாம். ஆனால் அது சேமிப்புக் கிடங்கு. கிடங்கில் இருப்பது ஒரு காலத்தில் யாரோ காசு கொடுத்து அச்சிட வைத்த நெல். இந்த வருட விதைப்புக்கு யார் காசு கொடுப்பது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடப்பு இதழின் பீடிஎஃப்பை வட்ஸ்அப்பில் பரப்புவது உதவி இல்லை. கடையில் எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் வருவதை நாம் என்ன பெயரில் சொல்லுவோமோ, அதே பெயர்தான் அதற்கும்.

"கட்டினேன், இரண்டு இதழோடு நின்றுவிட்டது." இதுவும் நடக்கிறது, எங்களில் ஒருவருக்கும் நடந்தது. காசு போனது கவலைதான். ஆனால் நூறு பேர் கட்ட வேண்டிய இடத்தில் பத்துப் பேர் கட்டினால் எந்தச் சஞ்சிகையும் நிற்கும். நிற்கும் என்ற பயத்தில் மீதித் தொண்ணூறு பேரும் கட்டவில்லை. பயந்தது போலவே நின்றது. இந்த வட்டத்தை யாராவது ஓர் இடத்தில் உடைக்க வேண்டும்.

உடைத்த ஒருவரின் கதை தெரியும். 1911இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹரியட் மன்றோ என்ற பெண்மணி கவிதைக்கென்று ஒரு சஞ்சிகை தொடங்க நினைத்தார். முதல் இதழைப் போட்டுவிட்டுக் கையேந்தவில்லை. அதற்கு முன்பே நகரத்து வியாபாரிகளையும் வசதியானவர்களையும் வீடுவீடாக, கந்தோர் கந்தோராகப் போய்ச் சந்தித்தார். ஆண்டுக்கு 50 டொலர் வீதம் ஐந்து வருடத்துக்குத் தருவதாக நூறு பேரளவில் வாக்கு வாங்கினார். பிறகுதான் 'பொயட்ரி' வந்தது. 1915இல் டி.எஸ். எலியட் என்ற பெயர் தெரியாத இளைஞரின் கவிதை அதில் வந்தது. அந்தச் சஞ்சிகை நூறு வருடம் தாண்டி இன்றும் வருகிறது. காசு கொடுத்த நூறு பேரில் பலர் கவிதை எழுதியவர்கள் இல்லை. ஊரில் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும் என்று கொடுத்தவர்கள்.

அந்தக் குணம் நம் ஊர் முதலாளிமாருக்கு இல்லையா? இருக்கிறது. பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் கேட்கும் முன் தருகிறவர்கள் அவர்கள். முதற்பிரதிக்குக் கவர் கொடுக்கும் கையும் அதே கைதான். நாம் பிழையான இடத்தில் கேட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் மூன்று.

நூல் வெளியிடும் சகோதரர்களே, சகோதரிகளே: அடுத்த வெளியீட்டில் முதற்பிரதி வாங்கும் பிரமுகரிடம், உங்கள் கவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கவர் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலை நூலகத்தின் பெயரில் ஒரு சஞ்சிகைக்கு ஒரு வருடச் சந்தா. மேடையில் அறிவியுங்கள். அந்தப் படத்தையும் போடுங்கள், நாங்கள் முதல் ஆளாக லைக் போடுகிறோம்.

ஆசிரியர்மாரே: ஒருவரால் முடியாதது ஐந்து பேரால் முடியும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு சந்தா, ஒருவரிடம் ஒரு கிழமை. கடைசியில் இதழ் பாடசாலை நூலகத்துக்கு. நாங்கள் நான்கு பேரும், எங்களோடு சேர்ந்த இரண்டு பேரும் இப்போது அப்படி இரண்டு சஞ்சிகைகள் எடுக்கிறோம். ஆளுக்கு வரும் செலவு ஒரு நேரக் கொத்து ரொட்டிக்கு மேல் இல்லை.

பெற்றோர்களே: உங்கள் பிள்ளைக்குப் பட்டமும் சான்றிதழும் தருவதாக யாராவது காசு கேட்டால், கொடுக்குமுன் எங்களிடமோ வேறு ஓர் ஆசிரியரிடமோ ஒரு தரம் காட்டுங்கள். பிள்ளையின் ஆசையைத் தடுக்கச் சொல்லவில்லை. அந்த ஆசையை யாரும் விலைபேசாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம்.

கடைசியாக அந்தப் பிள்ளை.

நாங்கள் பதில் தேடிக்கொண்டிருந்த இரண்டு கிழமையில் ஒரு நாள் அவள் சொன்னாள்: "வேணாம் டீச்சர், இனி எழுதல்ல. படிக்கிற வேலையப் பாக்குறேன்." இந்தப் பதிவில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் விட அந்த ஒரு வசனம்தான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. பட்டமும் சான்றிதழும் வாங்கிய பிள்ளை எழுத்தை விடுகிறாள். புகழ்ச்சி அவளை எழுத வைக்கவில்லை. தன் கதையை யாருமே வாசிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதியில் வெட்டியவர்கள் வாசித்திருந்தால் பாதியில் வெட்டியிருக்க மாட்டார்களே.

நாங்கள் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. சந்தா ரசீதில் பாடசாலை நூலகத்தின் பெயரை எழுதி, முதல் இதழ் வந்ததும் அவளிடமே முதலில் கொடுத்தோம். இரண்டு கிழமை திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் வந்தாள். இதழின் ஓரம் மடிந்திருந்தது, உள்ளே ஒரு பக்கத்தில் பென்சில் கோடு. "டீச்சர், இந்தக் கதையில கடைசியில அந்த மனிசன் ஊட்டுக்குப் போனானா இல்லையாண்டு எழுதவே இல்லையே. இப்பிடி உடலாமா?"

"நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் நின்றாள். "சொல்லாம உட்டதாலதான் ராவெல்லாம் யோசிச்சேன்" என்றாள். பிறகு, "என்ட கதையில கடைசிப் பந்திய வெட்டிட்டுக் கொண்டு வரவா?"

எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவது என்ற கேள்விக்கு எங்களிடம் உள்ள பதில் அதுதான். வாசித்து முடித்ததும் நம் கதையின் கடைசிப் பந்தியை நாமே வெட்டும்படி செய்கிற சஞ்சிகைக்கு. ஒரு பிள்ளைக்கு அது கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மற்றப் பிள்ளைகளுக்கு?

சந்தாவில் சேர விரும்புகிறவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். பாராட்ட விரும்புகிறவர்களும் எழுதலாம். ஆனால் முதலில் சேர்ந்துவிட்டுப் பாராட்டுங்கள்.